பெட்டகம் சொன்ன “வாங்க வாங்க”

இன்று காலை தமிழ்ச் சங்கத்தின் பின்னறையில் நீ என்னோடு பேசினாய். பயப்படாதே, எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. சங்கத்தின் பழைய படங்களையும் கடிதங்களையும் சேர்த்துவைக்க நாம் கட்டிய நிரலை, நம் பெட்டகத்தை, புதிதாக வந்த கணினியில் முதல் தடவையாக ஓடவிட்டேன். உள்ளே ஒரு படம் இல்லை, ஒரு கடிதம் இல்லை, சுத்த வெறுமை. கறுப்புத் திரையில் ஆங்கில வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. பக்கத்தில் சங்கத்தின் தலைவர் அண்ணை இருந்ததால் எல்லாவற்றையும் வாசித்து விளங்கிக்கொள்வதுபோல நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டத்தின் நடுவே தமிழில் ஒரு வரி வந்து நின்றது.

“வாங்க வாங்க, உட்காருங்க. ஒன்பது வகையும் வந்தாச்சு.”

நீ எழுதி வைத்த வரிதான். பெட்டகம் வெறுமையாகத் தொடங்கும்போது மட்டுமே அது வரும். பழைய கணினியில் ஒரே ஒரு தரம் வந்தது, பிறகு அதற்கு வேலை இருக்கவில்லை. நானும் மறந்துபோனேன். இன்றைக்கு எதிர்பாராமல் கண்டதும் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டேன்.

தலைவர் அண்ணை கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் திரையைப் பார்த்தார்.

“உது ஆர் பிள்ளை, இந்தியாத் தமிழிலை கதைக்கிறது?”

“உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தான் அண்ணை. அவதான் எழுதினவ.”

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தார்.

பழைய கணினி இந்த மாதத்தோடு ஓய்வெடுக்கிறது. அதிலிருந்ததெல்லாம் இன்றைக்கு இந்தப் புது இயந்திரத்துக்குப் பத்திரமாகக் குடிவர வேண்டும். அதோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உன் ஊரின் பெயரைப் பெட்டகத்தில் சேர்க்கிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். நீ இருக்கும்வரை சேர்க்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நாம் முதன்முதல் சந்தித்தது அலுவலகத்தின் கோப்பி இயந்திரத்துக்கு முன்னால். ஜெர்மனியின் ஆஹென் நகரில் படிப்பை முடித்துவிட்டு இந்த பீலெஃபெல்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாள் உனக்கு. தமிழ் முகம் ஒன்றைக் கண்டால் எங்கள் ஆட்களின் வாயில் முதலில் வரும் கேள்விதான் என் வாயிலும் வந்தது.

“எந்த ஊர்?”

“கோவில்பட்டி. நீங்க?”

“யாழ்ப்பாணம்.”

இரண்டு நாள் கழித்து நீ என்னை மடக்கினாய். “யாழ்ப்பாணத்துல எந்த ஆஸ்பத்திரில பொறந்தீங்க?”

“இஞ்சைதான். பீலெஃபெல்டிலை.”

“சரி, யாழ்ப்பாணத்துக்கு எத்தன தடவ போயிருக்கீங்க?”

“ரெண்டு தரம். ஒருக்கா வயித்தாலை அடிச்சு ஒரு கிழமை படுத்தே கிடந்தன்.”

நீ சிரித்த சிரிப்பில் கோப்பி உன் விசைப்பலகையில் ஊற்றுண்டது. அன்றோடு ‘நீங்க’ போய்விட்டது. நீ என்னை “யாழ்ப்பாணம்” என்று கூப்பிடத் தொடங்கினாய், நான் உன்னைக் “கோவில்பட்டி” என்றேன். நமக்குச் சொந்தப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் அலுவலகத்தில் அதற்கு மதிப்பு இருக்கவில்லை. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்துகொண்டதால் ஜெர்மன்காரர்கள் நம் இருவரையும் அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் நீ சொன்னாய்: “உங்கப்பாவும் எங்கப்பாவும் நாள் முழுக்க இங்க வேல பாக்குறாங்க, நாம டீ குடிக்கிறோம்.”

பெட்டகத்துக்குள் உன்னை இழுத்துவிட்டவள் நான்தான். சங்கத்தின் பின்னறையில் பெட்டி பெட்டியாகப் பழைய பொருட்கள் கிடந்தன: எங்கள் ஆட்கள் வந்த புதிதில் பனியில் நின்று பிடித்த படங்கள், ஊரிலிருந்து வந்த நீலநிறக் கடிதங்கள், பெண் பிள்ளைகளின் சாமத்திய வீட்டுச் சடங்கு ஒளிநாடாக்கள், பள்ளி நாடகத்தின் கையெழுத்துப் பிரதிகள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று ஒரு கூட்டத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். தனியாகச் செய்ய ஏலாது என்று அடுத்த நாளே விளங்கியது. நம் அலுவலகத்தில் நாம் செய்ததும் இதே வேலைதான், ஜெர்மன் நூதனசாலைகளில் இருக்கும் அரும்பொருட்களுக்கு. உன்னைக் கேட்டேன். “சனிக்கிழமை சாப்பாடு போடுவாங்களா?” என்று மட்டும் கேட்டாய். போடுவார்கள் என்றேன். வந்துவிட்டாய்.

இப்படிப்பட்ட பெட்டகத்தின் குணம் உனக்குத் தெரியும், தலைவர் அண்ணைக்குத்தான் நான் எத்தனையோ தரம் விளக்கினேன். கண்டதையும் உள்ளே கொட்ட விடாது. ‘கடிதம்’ என்றால் என்ன, அதை எழுதியவர் யார், பெற்றவர் யார், ‘நிழற்படம்’ என்றால் அதில் நிற்கிறவர்கள் யார் யார், ‘ஆள்’ என்றால் அவருடைய பெயர், தகப்பன் பெயர், ஊர். இந்த வகைகளையெல்லாம் முதலில் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். தெரியாத வகையில் ஒன்று வந்தால் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

ஒன்பது வகைகளையும் நானே யோசித்து, நானே என் மடிக்கணினியில் ஒவ்வொன்றாகக் கையால் அடித்து ஏற்றினேன். மூன்று மாலைப்பொழுது எடுத்தது. அதில் எனக்குப் பெருமை வேறு. ஆண்டு விழாவுக்கு முதல் நாள் உன்னோடு மண்டபத்துக்குப் போய், அங்கிருந்த சங்கத்தின் கணினியில் பெட்டகத்தை வைத்து, படங்களையும் கடிதங்களையும் உள்ளே அனுப்பினேன். ஒன்றுகூடப் போகவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. ‘கடிதம்’ என்று ஒரு வகையை எனக்குத் தெரியாது, ‘ஆள்’ என்று ஒரு வகையை எனக்குத் தெரியாது என்றது பெட்டகம். நான் மண்டபத்து நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து அழத் தயாரானேன்.

“வகையெல்லாம் எங்கடி இருக்கு?” என்று கேட்டாய்.

“என்ரை மடிக்கணினியிலை.”

“அங்கயே இருந்தா இங்க எப்படி வரும்? பஸ் பிடிச்சா?”

அந்த நேரம் பார்த்து விழாப் பொறுப்பு அக்கா தன் நிறைகுடப் பெட்டியோடு உள்ளே வந்தார். நிறைகுடம் வைக்காமல் எங்கள் ஆட்கள் ஒரு விழாவும் தொடங்கமாட்டார்கள். அதற்கென்று அவரிடம் ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. பித்தளைக் குடம், இரண்டு குத்துவிளக்கு, அரிசி, சந்தனம், குங்குமம், திரி, தீப்பெட்டி, கழுவிக் கழுவிப் பாவிக்கும் பிளாஸ்டிக் மாவிலை. மூடியின் உட்பக்கத்தில் எதற்குப் பிறகு எதை வைப்பது என்று எழுதி ஒட்டிய தாள். தேங்காய் மட்டும்தான் புதிதாக வாங்குவார். நீ அதையெல்லாம் அன்றுதான் முதன்முதல் பார்த்தாய். பிளாஸ்டிக் மாவிலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய்.

“இத எப்பவும் இப்படியே ரெடியா வச்சிருப்பீங்களாக்கா?”

“ஓம் பிள்ளை. எந்த ஹோலுக்குப் போனாலும் இதைத் திறந்தாக் காணும், வேறை ஒண்டும் தேடத் தேவையில்லை. நான் வராட்டியும் ஆரும் வைக்கலாம், எல்லாம் எழுதிக் கிடக்கு.”

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். “யாழ்ப்பாணம், கேட்டியா? அக்கா வராட்டியும் ஆரும் வைக்கலாமாம். உன் வகைய நீ வந்தாத்தான் வைக்க முடியும்.”

அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. நீ என் மடிக்கணினியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிக்க, நான் மண்டபத்துக் கணினியில் மறுபடி கையால் அடித்தேன். ஆனால் அடுத்த வார இறுதியில் நீ உன் வழியைக் காட்டினாய். ஒன்பது வகைகளையும் ஒரே கோப்பில் எழுதி, பெட்டகத்தோடு சேர்த்துக் கட்டினாய். பெட்டகம் எங்கே தொடங்கினாலும், உள்ளே எதுவும் வருவதற்கு முன், அந்தக் கோப்பைத் தானே திறந்து வகைகளைத் தானே வைத்துக்கொள்ளும்.

உன்னைப் புகழ்ந்து கொண்டே போனால் நீ நம்பமாட்டாய், ஆகையால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீ செய்த முதல் வடிவம் ஒரு தரம்தான் ஓடியது. இரண்டாம் தரம் தொடங்கியபோது, வைத்த வகைகளையே திரும்ப வைக்கப் போய், ‘ஏற்கெனவே இருக்கிறதே’ என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்தாய். “இருக்கோ எண்டு முதலிலை கேள், இருந்தாத் தொடாதை” என்று நான் சொன்னேன். அந்த ஒரு வரி என்னுடையது. அதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த “வாங்க வாங்க”வைச் சேர்த்தாய். “காலி வீட்டுக்குள்ள யாராவது வாங்கன்னு சொல்லணும்ல” என்றாய்.

இனி என் பெரிய பிழைக்கு வருகிறேன். நீ இதைச் சொல்லிச் சிரிக்காத நாள் இல்லை.

அந்த ஆண்டு விழா அன்று, உன் கோப்பு வருவதற்கு முன், மண்டபத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்கள் தங்களைத் தாங்களே ‘ஆள்’ என்று பதிந்துகொள்ள ஏற்பாடு செய்திருந்தோம். முதல் பதிவை நீயே போடு என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். பெயர் அடித்தாய், தகப்பன் பெயர் அடித்தாய். ஊர் என்ற இடத்தில் கோவில்பட்டி. பெட்டகம் மறுத்துவிட்டது. ஊரைக் கட்டாயமாக்கி, அதற்குள் வரக்கூடிய பெயர்களையும் ஒரு பட்டியலாகக் கொடுத்திருந்தேன். அம்மாவையும் அப்பாவையும் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பட்டியல். யாழ்ப்பாணத்து ஊர் எல்லாம் இருந்தது, ஊருக்குள் இருக்கும் குறிச்சிகள்கூட இருந்தன. வேறொன்றும் இருக்கவில்லை.

“பரவால்லடி, நீ உன்னைப் போடு” என்றாய்.

போட்டேன். பிறந்து வளர்ந்த ஊர் என்று நேர்மையாக பீலெஃபெல்ட் என்று அடித்தேன். என்னையும் மறுத்துவிட்டது.

பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே உலகத்தில் இல்லை என்பது ஜெர்மன்காரர்களின் பழைய பகிடி. பள்ளியிலிருந்து அதைக் கேட்டு அலுத்தவள் நான். அந்தப் பகிடியை நானே என் கையால் கணினியில் எழுதி வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் கண்டேன். நீ மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். தலைவர் அண்ணை என்ன சத்தம் என்று பார்க்க வந்தார். விஷயத்தைச் சொன்னோம்.

“பட்டியல் சரியாத்தானே இருக்கு. பீலெஃபெல்ட் எப்பிடிப் பிள்ளை ஊராகும்? அது நாங்கள் இருக்கிற இடம்.”

அவருடைய பேத்தி நடன உடுப்போடு பக்கத்தில் நின்றாள். “அப்பப்பா, அப்ப என்ரை ஊர் எது?” என்று கேட்டாள். அவர் எங்கள் பக்கம் திரும்பினார். “சரி, அதைச் சேர்த்துவிடுங்கோ” என்றார். பீலெஃபெல்ட் அந்த நிமிடம் ஊராகிவிட்டது, அடுத்த வாரம் உன் கோப்பிலும் ஏறியது. நீயும் நானும் கைதட்டினோம்.

“அப்ப கோவில்பட்டியையும் சேர்க்கட்டோ அண்ணை?” என்றேன்.

“அது… அந்தப் பிள்ளை எங்கடை ஆள் இல்லையே. நிர்வாகசபைக்கு ஒரு அன்ட்ராக் எழுதித் தாங்கோ, பாப்பம்.”

ஜெர்மனியில் இத்தனை வருடம் இருந்தால் எங்கள் ஆட்களுக்கும் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் இல்லாமல் ஒரு அலுவலும் நடக்காது. எழுதிக் கொடுத்தேன். முதல் கூட்டத்தில் சமையலறைச் சாவி தொலைந்த விவகாரத்திலேயே நேரம் போய்விட்டது. இரண்டாம் கூட்டத்தில் அன்ட்ராக்கில் கையெழுத்து இல்லை என்றார்கள். மூன்றாம் கூட்டத்துக்குப் போதிய ஆட்கள் வரவில்லை.

“ஜெர்மனிக்குள்ளயே விட்டுட்டாங்க. உங்க பெட்டகத்துக்குள்ள விட மாட்டேங்குறீங்களேடி” என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் உன் கண் திரையிலேயே இருந்தது, நான் கவனித்தேன். அதற்குப் பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்தாய். எங்கள் ஆட்களின் ஊரையெல்லாம் பிழையில்லாமல் அடித்தாய். சுன்னாகமும் உரும்பிராயும் எங்கே இருக்கின்றன என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எல்லாரையும் உள்ளே ஏற்றிய நீ மட்டும் உள்ளே இல்லை.

ஒரு நாள் மனம் கேட்காமல், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டகத்தில் கையாலேயே உன் ஊரைப் போட்டுவிடப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய். “கையால போட்டா இந்தக் கம்ப்யூட்டரோட போயிரும். போடுறதுன்னா ஃபைல்ல போடு. அப்பத்தான் எந்த வீட்டுக்குப் போனாலும் வரும்.” ஆனால் கோப்பில் மாற்றினால், ஏற்கெனவே இருக்கும் வகையைத் தொடாதே என்ற என் சொந்த வரி குறுக்கே நின்றது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெறுமையாக்கி, மறுபடி தொடங்க வேண்டும். அன்ட்ராக் முடியட்டும், பிறகு ஆறுதலாகச் செய்யலாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு ஏலாமல் போனது. சிகிச்சை முடிந்ததும் அம்மாவோடு இருக்க ஊருக்குப் போனாய். போனில் பேசும்போதெல்லாம் கடலைமிட்டாய் அனுப்புகிறேன் என்பாய், அனுப்பவும் செய்தாய். கடைசியாகப் பேசியது ஒரு ஞாயிறு. குரல் மெலிந்திருந்தது, வாய் மட்டும் மெலியவில்லை.

“எங்க ஊரு உள்ள வந்துருச்சா?”

“வாற கிழமை போடுறன்.”

“ஃபைல்ல.”

“ஓமடி, ஃபைலிலைதான்.”

அந்தக் கிழமை உனக்கு வரவில்லை. அழுதேன், அதைவிட அதிகமாக என்மேல் கோபப்பட்டேன். ஒரு சொல், வெறும் ஒரு சொல் சேர்ப்பதற்கு எனக்கு இத்தனை கூட்டம் தேவைப்பட்டதே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.

சரி, இன்றைக்கு வருகிறேன்.

“வாங்க வாங்க” வந்து நின்றது. ஒன்பது வகையும் தானாகவே வந்திருந்தன. நான் ஒரு விசையும் தட்டவில்லை. அடுத்த வேலை பழைய பொருட்களை உள்ளே விடுவது. அதற்கான கட்டளையை அடித்து, கடைசி விசையில் விரலை வைத்தேன். தலைவர் அண்ணை என் தோளில் தட்டினார்.

“பொறும் பிள்ளை. அந்தப் பிள்ளையின்ரை ஊர் என்ன சொன்னனீர்?”

“கோவில்பட்டி.”

“அதைச் சேர்த்துப்போட்டு மற்றதுகளை விடும்.”

“அன்ட்ராக் இன்னும் நிர்வாகசபையிலை கிடக்கு அண்ணை.”

“அதை நான் பாக்கிறன். நாலு வருசம் சனிக்கிழமையிலை எங்கடை ஊர் பேரெல்லாம் எழுதின பிள்ளை. எங்கடை ஆள் இல்லையெண்டு நான் எந்த வாயாலை சொன்னன் எண்டு தெரியேல்லை.”

பழக்கதோஷம், என் கை நேரே கையால் சேர்க்கும் பக்கத்தைத்தான் திறந்தது. நீ தட்டிவிட்டதுபோல உடனே மூடினேன். உன் கோப்பைத் திறந்தேன். பட்டியல் அகரவரிசையில் இருந்தது. இடம் பார்த்து ஒரு சொல்லை எழுதினேன். பெட்டகத்தை வெறுமையாக்கி மறுபடி ஓடவிட்டேன். “வாங்க வாங்க, உட்காருங்க” என்று நீ இரண்டாம் தரமும் சொன்னாய். தலைவர் அண்ணை “ஓம், இருக்கிறம்” என்று திரைக்குப் பதில் சொன்னார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

பழையவற்றை விடுவதற்கு முன் ஒரே ஓர் ஆளைப் பதிந்தேன். உன் பெயர், உன் அப்பாவின் பெயர், உன் ஊர். சிவப்பாக ஒன்றும் வரவில்லை. அதன் பிறகு மற்றவர்கள் எல்லாரும் உனக்குப் பின்னால் வரிசையாக வந்தார்கள். என் அம்மா, அப்பா, தலைவர் அண்ணை, அவருடைய பேத்தி, நான். பனியில் நிற்கிறவர்கள், நீலக் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒருவரும் விடுபடவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு பழக்கம். எந்த வேலையை முடித்தாலும் ஒரு தரம் நின்று, நான் வராவிட்டாலும் இது தொடங்குமா என்று பார்க்கிறேன். அலுவலகத்தில் இதனால் என்னைக் கொஞ்சம் தொல்லைக்காரி என்கிறார்கள். இருக்கட்டும்.

இந்தக் கணினியும் ஒரு நாள் பழசாகும். அன்றைக்கு நானும் இல்லாமல் இருக்கலாம், யாரோ ஒருவர் வெறும் பெட்டகத்தைப் புதிதாக ஓடவிடுவார். முதலில் நீ வாங்க என்பாய். பிறகு ஊர்ப் பட்டியல் தானாக வந்து உட்காரும். கோண்டாவில், கோப்பாய், கோவில்பட்டி, சங்கானை.